சம்பளத்தை விழுங்கிய சிக்கனம்!

"புதிய யந்திரம் வந்தால் செலவு குறையும்!" ஆட்குறைப்புக்கு முன்னால் ஒவ்வொரு நிர்வாகமும் பாடும் பாட்டு இது. மில்லிலும் பாடுகிறார்கள், சர்க்கார் இலாகாக்களிலும் பாடுகிறார்கள். இதை நம்பிய கனடா நாட்டில் என்ன நடந்தது? கேளுங்கள், தோழர்களே!

அங்கே மத்திய சர்க்காரின் 101 இலாகாக்களில் சுமார் 2,90,000 ஊழியர்கள். இவர்களுடைய சம்பளப் பட்டுவாடாவை மாற்றியமைக்க 2009-ல் முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு 'பீனிக்ஸ்' என்று பெயர். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டினார்கள்.

மிச்சம் எங்கிருந்து வரும்? சம்பளக் கணக்கைக் கரைத்துக் குடித்திருந்த 1,200 குமாஸ்தாக்களின் வேலையை ஒழித்தார்கள். மிராமிச்சி என்ற ஒரே ஊரில் 550 பேரை உட்கார வைத்தார்கள். விதைநெல்லை விற்றுவிட்டு, "பார், கையில் காசு!" என்று குதிப்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கம்ப்யூட்டர் வேலையை ஏற்ற ஐ.பி.எம். கம்பெனி, 27 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்றது. அனுமதித்திருந்ததோ 15 கோடியே 50 லட்சம். அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கவில்லை, வேலையை வெட்டினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட அம்சங்களை நீக்கினார்கள், அல்லது ஒத்திப்போட்டார்கள். சம்பள பாக்கியைக் கணக்கிடும் வசதியும் அதில் போயிற்று! ஓர் இலாகாவில் நடத்துவதாக இருந்த வெள்ளோட்டத்தையும் 2015-ல் ரத்து செய்தார்கள். முந்திய சர்க்கார் ஆரம்பித்ததை அடுத்து வந்த சர்க்கார் 2016 பிப்ரவரியில் ஓடவிட்டது.

விளைவு? சிலருக்குச் சம்பளமே இல்லை. சிலருக்குப் பாதி. சிலருக்கு அதிகமாகக் கொடுத்து, பிறகு "திருப்பிக் கொடு!" என்று ஓலை. 2017 ஜூனில் சம்பளம் தாறுமாறாகித் தவித்தவர்கள் 1,50,000 பேருக்கு மேல்! எதிர்பாராத செலவு 2023-க்குள் 220 கோடி டாலர் வரை போகலாம் என்று அந்நாட்டு செனட் சபைக் குழு 2018-ல் மதிப்பிட்டது. ஆண்டுக்கு 7 கோடி மிச்சம் பிடித்தவர்களின் லட்சணம் இது!

"புரிந்துகொள்ள முடியாத தோல்வி" என்று அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அதே ஆண்டில் எழுதினார். புரியாமல் என்ன இருக்கிறது? வேலை தெரிந்தவனை விரட்டினாய்; சோதித்துப் பார்க்காமல் ஓட்டினாய்; செலவைப் பட்டியலில் மட்டும் குறைத்தாய். தறி ஓட்டுகிறவனைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான்!

யந்திரம் நமக்கு விரோதி அல்ல. ஆனால் அதன் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியது என்பதைக் கொண்டா? உழைத்தவன் கைக்குச் சம்பளம் சரியாக, நாளில் வந்ததா என்பதைக் கொண்டா?

ஆகவே, எந்த சர்க்கார் யந்திரம் வாங்கினாலும் நாம் கேட்க வேண்டியது இது: வாங்கும் முன் ஊழியர் சங்கத்தைக் கலந்து பேசு! வெள்ளோட்டம் முடியும்வரை ஒருவரையும் விலக்காதே! கணக்கு முழுவதையும் மக்கள் முன் வை!

கஜானாவில் இருப்பது நம் பணம். கணக்குக் கேட்பது நம் உரிமை!