செவிக்கு ஒரு வகுப்பறை

2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்வுகள் நடைபெற்றன. அத்திங்கள் முதல் நாள், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 9ஆம் நாள், தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டுக் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 12ஆம் நாள், இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்னும் செய்தியாளர், இணையத்திலிருந்து இறக்கி வேண்டிய நேரத்தில் கேட்கத்தக்க ஒலி நிகழ்ச்சிகளுக்கு என்ன பெயரிடலாம் என வினவிச் சில பெயர்களை எழுதிக் காட்டினார். அவற்றுள் ஒன்றுதான் 'பாட்காஸ்ட்' என நிலைத்தது. தமிழ் அதனை 'வலையொலி' என ஏற்றுக்கொண்டது. ஒரு மாவட்டமும் ஒரு சொல்லும் ஒரே திங்களில் பிறந்தது தற்செயலே. ஆயினும் அச்சொல் குறிக்கும் பொருள், தமிழ்நாட்டின் வேறெந்த மாவட்டத்தைவிடவும் கிருஷ்ணகிரிக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது தற்செயலன்று.

ஓசூரின் காலைப்பொழுதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கிச் செல்லும் நிறுவனப் பேருந்துகள், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பொம்மசந்திராவுக்கும் மின்னணு நகரத்துக்கும் விரையும் இருசக்கர வண்டிகள், விடியும் முன்பே ரோசாப் பூக்களைக் கட்டி அனுப்பும் தோட்டத் தொழிலாளர்கள் என ஊரே ஒரு கடிகாரத்தின் முள்ளோடு ஓடுகிறது. மக்கள் வழக்கில் 'ஷிப்ட்' எனப்படும் சுழற்சிமுறைப் பணியால், ஒரே வீட்டில் தந்தை உறங்கும் நேரத்தில் தாய் பணிக்குக் கிளம்புகிறார். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு, 'மாலை ஆறு மணிக்குப் படி' என்னும் அறிவுரையே பொருந்துவதில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் நேரம் குறித்துப் பாடம் நடத்துபவை. 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதும், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அது துணைநின்றதும் பாராட்டத்தக்கவை. எனினும் ஒளிபரப்பாகும் நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன் அமர இயலாத பிள்ளை அப்பாடத்தை இழக்கிறது. வலையொலியோ காத்திருக்கிறது.

அது சுமையும் அதிகமில்லாதது. விநாடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் பதிவு செய்யப்பட்ட ஐந்து நிமிடப் பேச்சு, ஏறத்தாழ இரண்டரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதே ஐந்து நிமிடக் காணொலி எளிய தரத்தில் எடுக்கப்பட்டாலும் அதனைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். அஞ்செட்டி, உரிகம் போன்ற காட்டோரப் பகுதிகளின் மலையூர்களுக்கு இந்த வேறுபாடு கணக்குப் பாடமன்று. கிடைக்கும், கிடைக்காது என்னும் வேறுபாடு. அலைவரிசை எட்டும் இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டால், எட்டாத இடத்தில் எத்தனை முறையும் கேட்கலாம். திறன்பேசி தந்தையோடு ஆலைக்குச் சென்றுவிட்டாலோ, அவர் திரும்பிய பின் ஐந்து நிமிடம் போதும். அரை மணிநேரப் பாடத்திற்கு அக்கருவியை இரவல் கேட்பது வேறு. ஐந்து நிமிடத்திற்குக் கேட்பது வேறு.

ஆனால் நேரமும் சிக்கனமும் இதன் சிறிய பயன்களே. இப்பகுதிக்கு வலையொலி தேவைப்படுவதன் உண்மையான காரணம் மொழி.

ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தெலுங்கையோ கன்னடத்தையோ தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. உருது பேசுவோரும் உள்ளனர். தொழில் தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோரின் பிள்ளைகளும் இன்று அரசுப் பள்ளிகளில் பயில்கின்றனர். தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளும் இங்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் முதல் வகுப்பு முதல் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அதன் நோக்கம் நேரியது. இந்நிலத்தில் வாழும் பிள்ளை இந்நிலத்தின் மொழியை அறியாமல் எவ்வாறு தழைக்கும்? ஆயினும் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்களிப்பது குறித்து நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் ஆராய வேண்டி வந்தது. சட்டம் வகுத்த இடத்துக்கும் பிள்ளை நின்ற இடத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்ததையே அது காட்டுகிறது.

அவ்விடைவெளி எங்கே உள்ளது? பெரும்பாலும் அது ஒலியில் உள்ளது. தெலுங்கிலும் கன்னடத்திலும் வல்லொலிக்கும் மெல்லிய அதிரொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் ககரம் ஒன்றே. 'கண்' என்பதில் ஒருவாறும், 'தங்கம்' என்பதில் வேறொருவாறும், 'பகல்' என்பதில் மற்றொருவாறும் அது ஒலிக்கிறது. தமிழ்க் குழந்தை இதனைத் தாயின் வாயிலிருந்தே பெற்றுவிடுவதால் விதி தேவைப்படுவதில்லை. தெலுங்குக் குழந்தைக்கு எழுத்து மட்டும் கையில் தரப்படுகிறது, ஒலி தரப்படுவதில்லை. ழகரமோ தெலுங்கில் இல்லை. பழங்கன்னடத்தில் இருந்த ழகரமும் பின்னாளில் வழக்கொழிந்து ளகரமாயிற்று. தமிழின் 'மழை' கன்னடத்தில் 'மளெ' ஆகவும், 'வாழை' 'பாளெ' ஆகவும் ஒலிப்பதை எல்லைப்புறத்தில் நாள்தோறும் கேட்கலாம். 'வாளை' என்று படிக்கும் கன்னட மாணவனைப் பிழை செய்தான் எனத் திருத்துவதற்கு முன், அவன் தன் மொழியின் வரலாற்றைத்தான் வாசிக்கிறான் என்பதை உணர்வது நன்று. அச்சிட்ட பக்கம் எவ்வளவு செம்மையானதாயினும் இவ்விடத்தில் ஊமையே. ஒரு நல்ல குரல் ஐந்து நிமிடத்தில் செய்வதை அது ஐந்து ஆண்டுகளிலும் செய்ய இயலாது.

ஊரின் பெயரே ஒரு பாடத்துக்குப் போதும். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. 'ஊரு' என்றால் ஊர். ஹொசூர் புதிய ஊர். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. பழங்கன்னடத்தில் 'பொச' என வழங்கியதே பின்னர் 'ஹொச' ஆயிற்று என்றும், அது தமிழின் 'புது' என்னும் சொல்லோடு உறவுடையது என்றும் மொழியியலார் கூறுவர். தெலுங்கில் பால் 'பாலு' எனவே நிற்கிறது. ஒரே பாற்கடையில் ஒரே காலையில் ஒலிக்கும் இம்மூன்று சொற்களையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தால், மூன்று வீட்டுப் பிள்ளைகளும் தத்தம் மொழி வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டதை அறிவர். இதனை அச்சில் விளக்க முற்பட்டால் அரைப் பக்கம் பிடிக்கிறது. செவிக்கோ விளக்கமே தேவையில்லை.

செவிவழிக் கல்வி தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் 'கல்வி'யை அடுத்துக் 'கல்லாமை'யும் அதனை அடுத்துக் 'கேள்வி'யும் தனித்தனி அதிகாரங்களாக நிற்கின்றன. கல்லாமைக்குப் பின் கேள்வியை வைத்த முறையே எண்ணத்தக்கது. கிருஷ்ணகிரி மாவட்டச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள்கள் தொடர்ந்து நடைபெறுவதை இன்றும் காணலாம். எழுத்தறியாத முதியோரும் பாரதத்தின் கிளைக்கதைகளைப் பிழையின்றிக் கூறுவது அவ்வாறு கேட்டுப் பெற்ற அறிவினால்தான். 'இன்றைய பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கவனம் நில்லாது. ஆகவே பாடத்தைச் சுருக்குங்கள்' என்போர், புளியமரத்தடியில் வெயில் தாழும்வரை அமர்ந்து பாரதம் கேட்கும் அந்தச் சிறுவர்களை ஒருமுறை காண வேண்டும். குறும்பாடம் தேவைப்படுவது பிள்ளையின் மனம் சிறியது என்பதாலன்று. கேட்டபின் அதனைப் பற்றிப் பேசுவதற்கு வகுப்பில் நேரம் எஞ்சவேண்டும் என்பதாலேயே.

பேசுவது என்னும் இப்பகுதிதான் பலராலும் மறக்கப்படுகிறது. 1956ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் துணையோடு, அகில இந்திய வானொலி புனே வட்டாரத்தின் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் ஓர் ஆய்வை மேற்கொண்டது. உழவர்கள் குழுவாக அமர்ந்து வானொலி நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டதும் அதனைப் பற்றி விவாதித்தனர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதி விடுத்தனர். விவாதக் குழு அமைந்த ஊர்களில் அறிவு வளர்ச்சி தெளிவாகத் தெரிந்தது; வானொலி மட்டும் இருந்த ஊர்களில் அது மிகக் குறைவாகவே இருந்தது. தமிழ்நாட்டில், தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்வகையை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலி அந்நெல்லைக் காட்டவில்லை, அதைப்பற்றிச் சொன்னது. வரப்பில் நின்று பேசிப் பேசி அதனை விளைவித்தவர்கள் உழவர்கள்.

மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் 1970களின் நடுவில் வானொலி வழியாகத் தொடக்கநிலைக் கணக்குக் கற்பித்தோர் இன்னும் ஒரு படி முன்னேறினர். அவர்கள் கண்ட நுட்பம் மிக எளியது: வினா கேட்டதும் குரல் சில விநாடிகள் நின்றுவிடும். வகுப்பிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் உரக்க விடை சொல்வர். பின்னரே குரல் சரியான விடையைக் கூறும். ஒரு பாடத்தில் இவ்வாறு பலமுறை நடக்கும். அப்பிள்ளைகள் வழக்கமான வகுப்பில் பயின்றோரைவிடத் தேர்வில் சிறந்து விளங்கினர். இன்று தமிழில் வெளிவரும் கல்வி வலையொலிகள் பலவற்றில் குறைவாக இருப்பது இந்த மௌனமே. பேசுவோர் மூச்சுவிடாமல் பேசுகின்றனர். பின்னணியில் இசை வேறு. கேட்கும் பிள்ளை விடை சொல்ல வாய் திறக்கும் முன் அடுத்த செய்தி வந்துவிடுகிறது.

வலையொலிக்கு எல்லைகளும் உண்டு. வடிவியல் வரைபடத்தையோ, இதயத்தின் அறைகளையோ, வேதியியல் சமன்பாட்டையோ செவியால் மட்டும் கற்பிக்க முயல்வது வீண்வேலை. பார்வைக் குறைபாடுடைய மாணவர்க்கு ஒலிப்பாடம் பெருந்துணை. செவிக் குறைபாடுடைய மாணவர்க்கோ அது மூடிய கதவு. ஆகவே எழுத்துவடிவம் இணைக்கப்படாத ஒலிப்பாடத்தைப் பொது வகுப்பில் பயன்படுத்தலாகாது. மேலும் கண் பின்னோக்கிச் சென்று மீண்டும் படிக்கும். செவி அவ்வாறு எளிதில் திரும்பாது. ஒரு பதிவில் ஒரு கருத்துக்கு மேல் அடைப்பது, சிறிய கூடையில் மூன்று கூடை மாம்பழத்தை அடுக்குவது போன்றது; அடியில் உள்ளவை நசுங்கும்.

வீட்டுவழிக் கல்வியைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951ஆம் ஆண்டு தொடங்கிய 'வான்வழிப் பள்ளி', பள்ளியே எட்டாத பெரும்பண்ணைகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு வானொலி வழிக் கற்பித்தது. அங்கே பிள்ளையும் மறுமொழி பேசமுடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவில் 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக வீட்டிலிருந்தே பயின்று தேர்வெழுத இயலும். பெங்களூருவின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணியாற்றிக்கொண்டு ஓசூரில் குடியிருக்கும் கற்ற பெற்றோர் அதனைத் தேர்ந்தால், அருகமர்ந்து கேட்க அவர்களுக்கு நேரமும் அறிவும் இருக்கலாம். அது அவர்தம் விருப்பம். ஆனால் இதே மாவட்டத்தில் வேறொரு 'வீட்டிலிருத்தல்' உண்டு. தம்பியைப் பார்த்துக்கொள்ளவும், மாம்பழக் காலத்தில் கூலிக்குச் செல்லவும், இளவயதுத் திருமணத்துக்காகவும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் மலையூர்ப் பெண்பிள்ளையின் நிலை அது. 'எல்லாம் திறன்பேசியிலேயே கிடைக்கிறதே' என்னும் சொல் அவளிடம் மிக எளிதாகச் சொல்லப்பட்டுவிடும். நேற்று ஏன் வரவில்லை என்று பதிவு செய்த குரல் கேட்பதில்லை. வருகைப் பதிவேட்டில் இரு நாள் வெற்றிடம் கண்டு வீட்டுக்கே நடந்து செல்லும் ஆசிரியருக்கு எந்த ஒலிக்கோப்பும் மாற்றாகாது. அவ்வாறு மாற்றாக்க முனைவோர் எவராயினும் மறுக்கப்பட வேண்டியவர்களே.

பயன்படுத்தும் முறையில் பள்ளிகள் ஒரு படி துணியலாம். பிறர் ஆக்கியதைக் கேட்பதோடு நில்லாமல், பதினோராம் வகுப்பு மாணவர்களே ஆக்கலாம். இதற்கு ஒலிப்பதிவுக் கூடம் தேவையில்லை. ஒரு திறன்பேசி, எதிரொலி வாராதவாறு திரைச்சீலை தொங்கும் அறை, எழுதித் திருத்திய ஒரு பக்கம் ஆகியவை போதும். எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்கும் மாணவர், எந்த வாக்கியம் மூச்சுத் திணறச் செய்கிறது என்பதை ஆசிரியரின் சிவப்பு மைக்கு முன்பே தாமே அறிந்துகொள்வார். தெலுங்கு வீட்டு மாணவி 'பால்' பற்றிய நான்கு நிமிடப் பதிவைத் தமிழில் எழுதட்டும். கன்னட வீட்டு மாணவர் தம் பாட்டியின் குரலில் 'ஹாலு' என ஒலிக்கச் செய்யட்டும். தமிழ் வீட்டு மாணவர் வினாவை எழுப்பி, ஐந்து விநாடி வாய்மூடி நிற்கட்டும். கீழ்வகுப்புப் பிள்ளைகள் அந்த ஐந்து விநாடியில் விடை கூறுவர். பதிவின் நடுவே ஆலைச் சங்கு ஒலித்துவிட்டால் அதனை வெட்டி நீக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் எந்த நேரத்தில் பதிவானது என்பதைக் கேட்போர் அதனால் அறிந்துகொள்ளட்டும்.