முதுமை என்பது நோயின் பெயரன்று

அமெரிக்காவில் பிள்ளைகளுடன் குடியேறிய பெற்றோர் சிலர், கள்ளக்குறிச்சிக்கு வரும்போது நம் மருத்துவமனையையும் நாடுகின்றனர். உடன் வரும் பிள்ளைகள் எம்மிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு: "அம்மாவுக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. குடியுரிமைத் தேர்விலிருந்து விலக்குப் பெற ஒரு சான்று தாருங்கள்."

இவ்விலக்கைக் கேட்பதில் தாழ்வு எதுவுமில்லை. அது சட்டம் அளிக்கும் உரிமை. அமெரிக்கக் குடியுரிமை கோருவோர் ஆங்கில அறிவையும், அந்நாட்டின் வரலாறு, ஆட்சிமுறை பற்றிய அறிவையும் தேர்வில் காட்ட வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பெற்றவராக 20 ஆண்டுகள் வாழ்ந்த 50 வயதினருக்கும், 15 ஆண்டுகள் வாழ்ந்த 55 வயதினருக்கும் ஆங்கிலத் தேர்வு இல்லை. குடிமையியல் வினாக்களுக்குத் தமிழில் விடையளிக்கலாம். முதுமையில் குடியேறியவர்க்கு அத்தனை ஆண்டுகள் ஏது? நோயாலோ ஊனத்தாலோ கற்க இயலாதவர்க்கு, இரு தேர்வுகளிலிருந்தும் விலக்குக் கோர என்-648 என்னும் மருத்துவச் சான்றுப் படிவம் உள்ளது.

ஆனால் முதுமையோ எழுத்தறிவின்மையோ மட்டும் அதற்குக் காரணமாகாது. நோயின் பெயர் வேண்டும். அது 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், அல்லது நீடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அது கற்றலை எவ்வாறு தடுக்கிறது என்ற விளக்கமும் வேண்டும்.

இவ்வேறுபாடு நியாயமானது என்றே கருதுகிறோம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும், பள்ளி வாசலை மிதித்திராத மூதாட்டி, தம் பேரப்பிள்ளைகள் அனைவரின் பெயரையும், தாம் உண்ணும் மாத்திரைகளின் வேளையையும் பிழையின்றிச் சொல்கிறார். கல்லாமை நோயன்று. பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் தெருவுக்கே வழி மறந்து நின்றால், அது நோய்.

நம் இல்லங்களிலோ அந்த நோயை "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். ஊரார் அறிந்தால் இழுக்கு என அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறோம். தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் குறையக்கூடியது. தாமதத்தால் அந்த வாய்ப்பும் நழுவுகிறது. பின்னர், விலக்குக் கோரும் நாளில் காட்ட ஓர் ஏடும் இருப்பதில்லை.

அப்படிவத்தில் எம் மருத்துவர்கள் கையெழுத்திட இயலாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ சான்றளிக்க வேண்டும். இல்லாத நோயை எழுதித் தரவும் மாட்டோம்; பொய்ச்சான்று ஒவ்வொன்றும் மெய்யாகவே நோயுற்றவரை ஐயத்துக்கு உள்ளாக்கும். எனினும், நோய் தொடங்கிய காலம், பரிசோதனை முடிவுகள், அளித்த சிகிச்சை ஆகியவற்றைத் தேதியுடன் பதிந்து தர எம்மால் இயலும். அங்குள்ள மருத்துவரின் ஆய்வுக்கு அப்பதிவு துணையாகும்.

ஆகவே, பெற்றோரின் மறதியைத் தேர்வு நெருங்கும்போதன்று, முதன்முதல் கண்ணுற்றபோதே மருத்துவரிடம் கூறுங்கள். சான்றுக்காக அன்று, அவர்களுக்காக.