கதவில்லா ஹெலிகாப்டர்: ஐந்து உயிரைப் பறித்த ‘பாதுகாப்பு’ வார்

ஹெலிகாப்டரின் கதவை மாற்றுவதோ, உள்ளே நோயாளிக்குப் படுக்கை பொருத்துவதோ காருக்கு அலங்காரம் செய்வது போன்ற வேலையல்ல. ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். எடை எவ்வளவு கூடும், கதவு பிய்ந்து வால் விசிறியில் மோதுமா, மெத்தை எளிதில் தீப்பற்றுமா, அவசரத்தில் ஆள் வெளியேற முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். மலேசியாவில் பதிவான ஹெலிகாப்டர் என்றால் அது சிஏஏஎம் எனும் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு.

அந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் காட்டியது. 2018 மார்ச் 11 மாலை, நகரைப் படம் எடுக்க ஐந்து பயணிகள் ஏஎஸ்350 ரக ஹெலிகாப்டரில் ஏறினார்கள். கதவுகளைத் திறந்து வைத்துப் பறக்கும் பயணம் அது. கால்களை வெளியே தொங்கவிட்டுப் படம் எடுக்கலாம். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று, இருக்கை வாரோடு கூடுதலாக ஒரு ஹார்னஸும் மாட்டினார்கள். கட்டுமானத் தளத்தில் உயரத்தில் வேலை செய்பவர்கள் அணிவார்களே, அதே வகை. முதுகுப் பக்கத்தில் கொக்கி. அதிலிருந்து ஒரு நாடா ஹெலிகாப்டரோடு பிணைக்கப்பட்டிருந்தது.

முன் இருக்கைப் பயணியின் நாடா, தரையோடு இருந்த எரிபொருள் அடைப்பு நெம்புகோலில் சிக்கி அதை இழுத்துவிட்டது. எஞ்சின் நின்றது. விமானி ஈஸ்ட் ஆற்றில் இறக்கினார். மிதவைகள் சரியாக ஊதவில்லை. ஹெலிகாப்டர் சில விநாடிகளில் தலைகீழாகக் கவிழ்ந்தது. சாதாரண வார் மட்டும் அணிந்திருந்த விமானி வெளியே வந்துவிட்டார். ஐந்து பயணிகளும் மூழ்கி இறந்தார்கள். நாடாவை அறுக்கக் கருவி கொடுக்கப்பட்டிருந்தது உண்மைதான். குளிர்ந்த நீரில், தலைகீழாக, முதுகுக்குப் பின்னால் இருப்பதை யார் அறுப்பது?

அந்த ஹார்னஸ் முறையை விமானத்துறை ஆணையம் யாரும் சோதித்து அங்கீகரித்ததில்லை. விழாமல் பிடிக்க வேண்டிய வேலையை அது ஒழுங்காகவே செய்தது. அதுதான் கொடுமை. படப்பிடிப்புப் பயணம் என்ற பெயரில் பறந்ததால், சுற்றுலாப் பயணங்களுக்குரிய கடுமையான விதிகளும் இதைத் தொடவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 டிசம்பரில் வெளியிட்ட முடிவில், நிறுவனங்களோடு சேர்த்து அரசு மேற்பார்வையின் குறையையும் சுட்டிக் காட்டியது.

விபத்து நடந்த அதே மாதம் தடை வந்தது. கட்டணம் வாங்கிக் கதவில்லாமல் பறக்கும் பயணங்களில் இனி அங்கீகாரம் பெற்ற கூடுதல் வார்கள் மட்டுமே. பயணி தானே சிரமமின்றி உடனே கழற்றக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஐவர் இறந்த பிறகு எழுதப்பட்ட விதி.

பள்ளி விடுமுறையில் வெளிநாடு போகும் நம் குடும்பங்கள் இதுபோன்ற பயணத்துக்கு இணையத்திலேயே பணம் கட்டிவிடுகின்றன. மாட்டிவிடும் ஊழியர் அவசரப்படுத்தினாலும், தரையில் இருக்கும்போதே அந்தக் கொக்கியைப் பிறர் உதவியின்றி ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். கைக்கு எட்டவில்லை என்றால் இறங்கிவிடலாம்; பணம் போனால் போகட்டும்.