ஆசாரி வீட்டுக் கொட்டகைக்கு எந்த யந்திரம்?

கலைஞர் கைவினைத் திட்டம் என்னும் பெயரால் 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிவைத்த திட்டத்தில், தச்சுத் தொழிலும் அடங்கலாக 25 கைத்தொழில்களைச் செய்வோர்க்கு 3 லட்சம் ரூபாய் வரையில் கடனும், அதில் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம், 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும், வட்டியில் சலுகையும் கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். குலத்தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வைக்காமல், தொழில் தெரிந்தவர் எக்குடும்பத்தவராயினும் பெறலாம் என்று வைத்ததும் மெச்சத்தக்கதே. ஆயினும் பணம் கைக்கு வந்த பின்னர் எதை வாங்குவது என்ற கேள்விக்கு எந்தத் திட்டமும் விடை சொல்வதில்லை. அந்த விடையை விற்பனையாளர் சொல்லும்படி விட்டுவிடுகிறோம். திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வீட்டு முற்றத்திலோ தகரக் கொட்டகையிலோ தொழில் நடத்தும் தச்சர் ஒருவர் முதன்முதலாக வாங்க வேண்டிய பெரிய யந்திரம், பலரும் எண்ணுவதுபோல் அறுக்கும் யந்திரமுமன்று, இழைக்கும் யந்திரமுமன்று. மரத்தில் சதுரத் துளை போடும் சிறிய யந்திரமே என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களையும், அந்த யந்திரத்திலேயே எதை ஏற்று எதைத் தள்ளுவது என்பதையும் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று கருதுகிறேன்.

மரத்தை அறுப்பதும் இழைப்பதும் கூலிக்குச் செய்வித்துக்கொள்ளக்கூடிய வேலைகள். அடிமரத்தை வண்டியில் ஏற்றி அறுவை மில்லுக்கு அனுப்பினால் சட்டமாகவும் பலகையாகவும் திரும்பி வரும். கூடுதலாகச் சிறிது கொடுத்தால் இழைத்தே வரும். ஆனால் ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் சீவி, மற்றொரு சட்டத்தில் அதற்கேற்ற துளையைப் பொளிந்து, இரண்டையும் கோத்து, ஆப்படித்து இறுக்கும் வேலை இருக்கிறதே, அது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அளவெடுத்து, கோடு போட்டு, பட்டறையில் பொருத்திப் பார்த்துச் செய்ய வேண்டியதாதலால், அதை வேறோர் ஊருக்கு அனுப்பிக் கூலிக்குச் செய்வித்துக்கொள்ள வழியில்லை. மேலும் உடம்பை உருக்குவதும் அந்த வேலையே. நான்கு கதவுள்ள ஒரு சன்னலை எடுத்துக்கொள்ளுங்கள்: கதவொன்றுக்கு மூன்று குறுக்குச் சட்டம் என்றால் துளைகள் ஆறு, நான்கு கதவுக்கு இருபத்துநான்கு, நிலையின் துளைகள் வேறு. இத்தனையையும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு, அதுவும் நம் பக்கத்து மரத்தில், பொளிந்து முடிக்கும் தச்சருக்கு ஐம்பது வயதுக்குமேல் தோளும் மணிக்கட்டும் என்ன கதியாகும் என்பதை அவர் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் பக்கத்து மரம் என்று சொன்னேன். ரமண மகரிஷி பிறந்த தலமென்று வெளியூரார் அறிந்த திருச்சுழி, குண்டாற்றங்கரையில் இருந்தும் வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும் இந்தச் சீமையில் தேக்கு விளைவதில்லை. கண்மாயில் கருவேலமும், களத்து மேட்டில் வேம்பும், வீட்டோரத்தில் பூவரசும் வாகையும், கேட்பாரற்ற இடமெங்கும் சீமைக் கருவேலமும்தான். கலப்பைக்கும் வண்டிக்கும் முன்னோர் கருவேலத்தைத் தெரிந்தெடுத்தது அதன் கடினத்தை உத்தேசித்தே. வேம்பு கறையானுக்கு அஞ்சாது. ஆனால் அதன் இழை ஒன்றையொன்று பின்னி ஓடுவதால் உளி நினைத்த திசையில் போகாது. சீமைக் கருவேலத்தையோ நாம் மூட்டம் போட்டுக் கரியாக்குவதோடு நிறுத்திக்கொண்டோம். நீளமான நேர் சட்டம் அதில் கிடைப்பது அரிது என்பது மெய்யே, எனினும் உலர்ந்தபின் மிகக் குறைவாகவே சுருங்கும் அந்த மரத்தின் குட்டையான துண்டுகள் முக்காலிக்கும் ஸ்டூலுக்கும் வெகு நேர்த்தியாக உதவும். இந்த மரங்களெல்லாம் தேக்கைப்போல் உளிக்கு இணங்குபவை அல்ல. ஆகையால், தேக்கும் மென்மரமும் அறுக்கும் ஊர்களில் எழுதப்பட்ட யோசனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பிரயோகிப்பது விவேகமாகாது.

சதுரத் துளை போடும் யந்திரத்தின் தத்துவம் எளிது. உள்ளே கூடான, நான்கு முகமும் கூர்மையான ஒரு சதுர உளி. அந்தக் கூட்டுக்குள் சுழலும் ஒரு திருகு துரப்பணம். கைப்பிடியை இறக்கும்போது துரப்பணம் நடுவிலுள்ள மரத்தைக் குடைந்து மேலேற்றுகிறது. உளி நான்கு மூலைகளையும் சீவிச் சதுரமாக்குகிறது. சில்லுகள் உளியின் பக்கத்திலுள்ள சாளரம் வழியே வெளியே விழுகின்றன. இப்படி அடுத்தடுத்துப் பல சதுரங்களைப் போட்டால் நீண்ட துளையாகிறது. துரப்பணத்தின் நுனிக்கும் உளியின் வாய்க்கும் இடையே ஒரு மில்லிமீட்டரோ சற்று அதிகமோ இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி, உளி நீலம் பாய்ந்து, பதம் கெட்டு, இரண்டொரு நாளில் பயனற்றுப்போகும். யந்திரம் சரியில்லை என்று பழிக்கப்படுவதில் பெரும்பகுதி இந்த ஓர் அஜாக்கிரதையால் விளைவதுதான்.

வாங்கும்போது மோட்டாரின் குதிரைசக்தியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அரை முதல் ஒரு குதிரைசக்திக்குள் எதுவானாலும் வீட்டுப் பட்டறைக்குப் போதும். வேகம் நிமிஷத்துக்கு 1400 சுற்றை ஒட்டி இருப்பது நலம், 2800 சுற்று ஓடுவது கருவேலத்தில் புகையைக் கிளப்பும். உண்மையில் கேட்க வேண்டியது வேறு. துளை போட்ட உளியை மேலே தூக்கும்போது, அது மரத்தைக் கவ்விக்கொண்டு கூடவே எழும். அப்போது மரத்தைக் கீழே அழுத்திப் பிடிக்க ஓர் இரும்புப் பிடி இருக்க வேண்டும். மலிவான யந்திரங்களில் இந்தப் பிடி மெல்லிய தகட்டால் ஆகியிருப்பதால், அதன் திருகாணிகள் நெகிழ்ந்து, மரம் ஆடி, துளை கோணலாகிறது. அடுத்தபடியாக, சட்டத்தைச் சாய்த்து நிறுத்தும் பின்தடுப்பு மேசைக்குச் செங்கோணமாக நிற்கிறதா என்பதை மூலைமட்டம் வைத்துக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதேயில்லை. கதவின் நெட்டுச் சட்டத்தில் துளை விழுவது அதன் ஒடுக்கமான பக்கத்தில். ஆகவே நாலரை அல்லது ஐந்து அங்குல அகலமுள்ள சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து, அதற்கும் மேலே உளி ஏறி இறங்க இடம் வேண்டும். நாற்காலிக் காலுக்கென்று வடிவமைக்கப்பட்ட சிறிய யந்திரங்கள் சிலவற்றில் அந்த உயரம் கிடையாது. விலையைக் கண்டு மயங்கி அதை வாங்கி வந்தவர், கதவு வேலை வந்ததும் மறுபடியும் உளியையே தேடிப் போவார்.

உளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யந்திரத்தோடு இனாமாகத் தரப்படும் நாலைந்து உளிகளைக் கண்டு சந்தோஷப்படுவதற்கு எதுவுமில்லை. சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கே துளையின் அகலம் என்பது தொழிலின் பொதுவிதி. ஒன்றரை அங்குலக் கதவுச் சட்டத்துக்கு அரை அங்குலம், சற்று மெலிந்ததற்கு 3/8 அங்குலம். இந்த இரண்டு அளவுகளில் மட்டும் நல்ல எஃகில் செய்த உளிகளைத் தனியே வாங்கி, அவற்றின் உள்வாயைத் தீட்டும் கூம்புக் கல்லையும் சேர்த்து வாங்கினால் பத்தாண்டு நிம்மதி. நிலைக்கு வேண்டிய ஓர் அங்குலத் துளையை அரை அங்குல உளியாலேயே இரண்டு வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம். ஓர் அங்குல உளியைக் கருவேலத்தில் இறக்கச் சிறிய யந்திரத்துக்குத் திராணி போதாது.

மோட்டாரைப் பற்றி நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் அனுகூலத்தை மறக்கலாகாது. நெசவுக்குப் பேர்போன அருப்புக்கோட்டையில் விசைத்தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆகவே அவர்கள் கைக்குப் பழகிய சாதாரண சிங்கிள் பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் பூட்டிய யந்திரத்தை வாங்கினால், எரிந்துபோன மோட்டார் ஓரிரு நாளில் உயிர் பெற்றுவிடும். விசித்திரமான அளவில் எங்கோ செய்த மோட்டாராயின், உதிரி உறுப்பு வரும்வரை யந்திரம் சாக்குப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கும்.

ரூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். கையடக்கமானது, பல வேலைக்கு உதவுவது, இவையெல்லாம் உண்மையே. ஆனால் நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்குமேல் ஓடும் அந்தக் கருவி, வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் தொட்டிலிலுள்ள குழந்தையையும் அண்டை வீட்டாரையும் ஒருங்கே எழுப்பும். கருவேலத்தின் ஆழத்தில் அதன் மெல்லிய பிட் ஒடியும். துளையின் இரு முனையும் வளைந்தே நிற்பதால் பின்னும் உளி பிடித்தாக வேண்டும். இழைக்கும் யந்திரத்தின் தண்டின் ஓரத்தில் துரப்பணம் பூட்டிப் பக்கவாட்டில் துளை போடும் கூட்டு யந்திரங்களிலும் முனை வளைவுதான். தவிர, கத்தி பூட்டிய உருளை அருகில் சுழன்றுகொண்டிருக்கையில் மறுகோடியில் நின்று வேலை செய்வது எனக்கு உவப்பானதன்று. சங்கிலி ரம்பம்போல் ஓடித் துளை போடும் யந்திரம் பெரிய உத்தரங்களுக்கானது. வீட்டுப் பட்டறைக்கு அது வேண்டாம்.

யந்திரமே வேண்டாதவர்களும் உண்டு. ஓய்வுபெற்றபின் பொழுதுபோக்காக மரவேலை பழகும் ஆசிரியரோ அதிகாரியோ, வருஷத்துக்கு ஒரு டீப்பாயும் ஒரு புத்தக அலமாரியும் செய்பவராயின், அவருக்குச் சாதாரண டிரில்லால் பெரும்பகுதியைக் குடைந்துவிட்டு உளியால் மூலைகளைச் சீவுவதே உத்தமம். அவரிடம் காலம் இருக்கிறது. கற்றுக்கொள்ளும் ஆனந்தமும் அதிலேதான் இருக்கிறது.

கைத்தொழிலில் யந்திரம் புகலாமா என்ற பழைய விவாதத்தை இங்கே எழுப்புவோர் இருக்கலாம். 1924-இல் டில்லியில், பின்னாளில் காந்திகிராமத்தைக் கண்ட ஜி. ராமச்சந்திரன், எல்லா யந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா என்று காந்தியடிகளிடம் வினவியபோது, அவர் சிங்கர் தையல் யந்திரத்தை விலக்காக எடுத்துக் காட்டினார். நம் அருகில் தே. கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பாவின் கிராமப் பொருளாதாரமும், கருவி உழைப்பவனுக்கு ஊழியம் செய்கிறதா, உழைப்பவன் கருவிக்கு ஊழியம் செய்கிறானா என்பதையே உரைகல்லாகக் கொண்டது. துளை யந்திரத்தின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பற்றளத்தில், மார்க் புரூனல் வகுத்து ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த யந்திரவரிசை, பாய்மரக் கப்பல்களுக்கு வேண்டிய கப்பிக்கட்டைகளில் துளையிடுவது முதலான வேலைகளை ஏற்றுக்கொண்டபோது, 110 பேர் செய்ததைப் பத்துப் பேர் செய்யலாயினர். மிச்சம் நூறு பேருடைய உழைப்பின் பலன் யந்திரத்தின் சொந்தக்காரருக்குப் போயிற்று. திருச்சுழித் தச்சர் தம் கொட்டகையில் தாமே சொந்தக்காரராக அதே வகை யந்திரத்தை வைத்துக்கொண்டால், மிச்சமாகும் நேரமும் தோள்வலியும் அவருக்கே மிச்சம். எங்கே துளை, எவ்வளவு ஆழம், மே மாதக் காய்ச்சலில் சுருங்கியும் ஐப்பசி மழையில் ஊறியும் மரம் என்ன செய்யும் என்ற நிர்ணயங்களை எந்த யந்திரமும் செய்துவிடுவதில்லை.

வேலை கிடைக்குமா என்பதுதான் மெய்யான அச்சம். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆயத்தக் கதவுகளும், இரும்பு நிலைகளும், பிளாஸ்டிக் சன்னல்களும் கிராமம்வரை வந்துவிட்டன. கைத்தறிகளும், அவற்றின் சட்டங்களைக் கழுந்தும் ஆப்பும் கொண்டு கோக்கும் வேலையும் முன்போல் இல்லை. ஆகவே கடன் முழுவதையும் யந்திரமாக மாற்றிவிடாமல், ஒரு பகுதியை உலர்ந்த மரமாக வைத்திருப்பதே புத்தி. அறுத்து நிழலில் அடுக்கி ஆறு மாதம் காயவைத்த வேம்புச் சட்டம் கையிருப்பில் உள்ளவருக்கு வேலை தேடி வரும்.

மின்சாரத்துக்காக அஞ்ச வேண்டியதில்லை. முக்கால் குதிரைசக்தி மோட்டார் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டை ஒட்டியே செலவாகும். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1000 யூனிட்டும் 2023 முதல் விலையின்றி வழங்கும் சர்க்கார், அதே தெருவில் தறிக்கட்டை செய்து கொடுக்கும் தச்சரையும் நினைத்துப் பார்த்தால் கஜானா ஒன்றும் குறைந்துவிடாது. விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: கடன் மனுவில் யந்திரத்தின் விலையை மட்டும் ஒப்புக்கொண்டு, தனி உளிகளையும் தீட்டுக்கல்லையும் சில்லறைச் செலவென்று தள்ளிவிடாதீர்கள், அவை இல்லாத யந்திரம் வெறும் இரும்பு.

வாங்கப் போகும் தச்சர் மதுரைக்குப் போனாலும் கோயமுத்தூருக்குப் போனாலும், நன்றாகக் காய்ந்த கருவேலத் துண்டு ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லட்டும். கடைக்காரர் காட்டும் மென்மரத் துண்டில் எந்த யந்திரமும் அழகாகத் துளை போடும். நம் துண்டில் அரை அங்குல உளியால் இரண்டு அங்குல ஆழம் இறக்கிக் காட்டச் சொல்லி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, அதன் பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.