பிரசவ லீவு சரி... பில் யாருக்கு?

பிரசவத்துக்கு 12 வாரமா இருந்த சம்பளத்தோட கூடிய விடுப்பு 2017-ல 26 வாரமாச்சு. நல்ல காரியம், அதுல எனக்குச் சண்டையே இல்லை. தனியார் ஆபீஸ்ல வேலை செய்யற பொண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்துல அரசாங்கம் எவ்வளவு போடுதுங்கறதுதான் என் கேள்வி. பூஜ்யம் சாமி! இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்தா மொத்தமும் முதலாளி தலையில. 2025 நவம்பர்ல 1961-ஆம் வருஷச் சட்டம் போய், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துச்சு. பில் மட்டும் அதே விலாசத்துக்குத்தான் போகுது.

பி.காம். புத்தி, கணக்கு போடாம இருக்காது. இங்க ஔந்த்ல பதினஞ்சு பேர் வேலை பார்க்கற சின்ன ஆபீஸ்னு வெச்சுக்குங்க. மாசம் 25,000 வாங்கற பொண்ணு லீவுல போனா ஆறு மாசத்துக்கு 1,50,000. அந்த இடத்துல ஆள் போட்டா அதுக்குத் தனிச் சம்பளம். அதே பொண்ணு 21,000-க்குள்ள வாங்கி இ.எஸ்.ஐ.ல இருந்தா, அந்த நிதியே கொடுத்துடும், முதலாளிக்குச் சுமை இல்லை. அதாவது கொஞ்சம் சம்பளம் ஏறினதும் அந்தப் பொண்ணு 'ரிஸ்க்' ஆயிடறா!

கடன் விஷயமா எங்க கிளைக்கு வர்ற ஒருத்தர் கூச்சமே இல்லாம சொன்னார்: "சார், புதுசா கல்யாணம் ஆனவங்கன்னா பயோடேட்டாவை அப்படியே ஓரமா வெச்சுடுவேன்." எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஆனா அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஆம்பளையை எடுத்தா இந்தச் செலவே கிடையாதுன்னு சட்டமே அவருக்குச் சொல்லிக் கொடுக்குதே. பெரிய சாப்ட்வேர் கம்பெனி தாங்கிக்கும். பானேர்ல, ஔந்த்ல சின்ன ஆபீஸ்ல வேலை தேடற நம்ம வீட்டுப் பொண்ணுங்க?

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1928-ல பம்பாய் சட்டசபையில ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு மசோதா வந்தப்போ அம்பேத்கர் ஆதரிச்சுப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைக்கறது தேசத்துக்கே நல்லது, அதனால செலவுல பெரும்பகுதியை அரசாங்கம்தான் ஏத்துக்கணும். முதலாளிக்கும் அவ உழைப்பால லாபம் இருக்கறதால அவரும் கொடுக்கணும்னார். மசோதா 1929-ல சட்டமாச்சு. அரசாங்கத்தோட பங்கு மட்டும் வரலை. முதலாளி மேல தனியா சுமத்தக்கூடாதுங்கறதுதான் 2000-ல வந்த ஐ.எல்.ஓ. உடன்படிக்கையோட கொள்கையும். நாம இன்னும் கையெழுத்துப் போடலை. பிரிட்டன்ல முதலாளி கொடுத்துட்டுப் பெரும்பகுதியை அரசாங்கத்துக்கிட்ட திரும்ப வாங்கிக்கறார்.

அரசாங்கம் நேரடியாக் கொடுக்கறது எதுன்னா, பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம்: முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். 26 வாரத்துக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 27 ரூபாய் சொச்சம். வீட்டு வேலை செய்யற அம்மாவுக்கு இதுல எத்தனை நாள் ஓய்வு? நம்மூர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 1987-ல 300 ரூபாயில ஆரம்பிச்சு, பெட்டகத்தையும் சேர்த்து 2018-ல 18,000-க்கு வந்துச்சு. அதுவும் கூலிக்கு ஈடாகாது, இருந்தாலும் ஏதோ மனசு இருக்கு.

என் யோசனை சிம்பிள். ஆம்பளை, பொம்பளை யாரை வேலைக்கு வெச்சாலும் எல்லா முதலாளியும் சம்பளப் பட்டியல்ல ஒரு சின்ன சதவீதம் கட்டட்டும், அரசாங்கமும் பாதி போடட்டும், விடுப்புச் சம்பளம் அந்த நிதியிலிருந்து நேரா அந்தப் பொண்ணோட கணக்குக்கு வரட்டும். "இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு யார் போவா?"ன்னு கேட்காதீங்க. பிரசவம் எங்க வேணா பார்த்துக்கட்டும், நான் கேட்கறது பணத்தை மட்டும்தான்.