காலை முட்டி, மாலை முட்டி



ஏ-9 வீதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது ஓமந்தையும் முகமாலையும்தான். மூட்டையோடு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, மீண்டும் ஏறிய வீதி. 2002இல் திறந்தது, 2006 ஆவணியில் மூடியது, 2009இல் மறுபடி திறந்தது என்று அதன் கதையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள். அதே வீதி கண்டியில் தொடங்குகிறது. அங்கிருந்து 26 கிலோமீற்றர் வந்ததும் ஒரு மலைப்பட்டினத்தின் கடைத்தெருவாக மாறிவிடுகிறது. அந்தப் பட்டினம் மாத்தளை. இம்மாதம் அங்கே போய் வருவோம்.

கோயில் நேர்த்திக்கோ ஆஸ்பத்திரிக்கோ விசாரணைக்கோ அல்லாமல், சும்மா ஊர் பார்க்கவென்று புறப்படுவது நமக்குப் பழக்கமில்லாத காரியம். அக்கம்பக்கத்தில் ஏதும் கதைப்பார்கள் என்ற பயமும் உண்டு. ஐந்தாறு பேர் சேர்ந்து, சமைத்த சோற்றுப் பார்சலோடு போனால் செலவும் குறையும், கதையும் குறையும்.

வடக்கிலிருந்து வருபவர்களுக்குத் தம்புள்ளையிலேயே மாத்தளை மாவட்டம் வந்துவிடும். தம்புள்ளைக் குகைக் கோயிலும் சீகிரியாவும் இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவைதான். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். நாலந்தையில் மட்டும் இறங்குங்கள். அங்கே ஏரிக்கரையில் ஒரு சின்னக் கற்கோயில் இருக்கிறது. தென்னிந்தியக் கோயிற் கட்டடம் போலவே இருக்கும், ஆனால் பௌத்த விகாரை. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்று கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்பவும் அடுக்கியிருக்கிறார்கள். இடம்பெயர்ந்து மீள்குடியேறிய கட்டடம் என்று என்னோடு வந்த ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

நாலந்தைக்கும் மாத்தளைக்கும் இடையில் வீதியின் இரு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகுக்கொடி, ஏலம், சாதிக்காய், கொக்கோ, வனிலா எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டுவார்கள். கடைசியில் ஒரு கொட்டிலில் இருத்தி, முழங்கால் வலிக்கு எண்ணெய், முடி வளர எண்ணெய் என்று விலை சொல்லத் தொடங்குவார்கள். தோட்டத்தைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி எழும்பிவிடுங்கள். மிளகும் கறுவாவும் மாத்தளைக் கடைத்தெருவில் வாங்கலாம்.

பட்டினத்துக்கு 3 கிலோமீற்றர் முன்னே அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக இருந்த பௌத்த வேதம் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது. பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடம் செய்திருந்த துறவிகள் இறந்துகொண்டிருந்தபடியால், எல்லாமே அழிந்துபோகும் முன் எழுதிவிடவேண்டும் என்று முடிவெடுத்தார்களாம். 1848இல் வெள்ளையருக்கு எதிராக மாத்தளையில் கலகம் எழுந்தபோது இந்த விகாரையும் சேதப்பட்டது.

அலுவிகாரையில் நான் அதிக நேரம் நின்றது விகாரையில் அல்ல, ஏனா டி சில்வா தொடங்கிய கைவினை நிலையத்தில். நாட்டின் முதலாவது இலங்கையரான பொலிஸ் மாஅதிபர் சேர் ரிச்சட் அலுவிகாரையின் மகள் அவர். கொழும்பில் பத்திக் துணிக்குப் பேர் வாங்கியவர், 1980களில் தகப்பனின் ஊருக்கே திரும்பிவந்து, கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பத்திக்கும் பூவேலையும் செய்வித்தார். 2015இல் காலமானார். நம் பக்கத்தில் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போகும் திட்டங்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, ஒரே ஊரில் ஒரே வேலையை இத்தனை ஆண்டு விடாமல் செய்தது பெரிதாகத் தெரிந்தது.

பட்டினத்தின் நடுவே முத்துமாரியம்மன் கோயில். 108 அடி இராஜகோபுரம், மாசிமகத்தில் ஐந்து தேர். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே நடந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு மாத்தளைதான் மலையின் வாசல். வழியில் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் அம்மையை வைத்துக் கும்பிட்ட இடம் இப்படி வளர்ந்தது. 1983 யூலையில் மாத்தளையும் எரிந்தது, கோயிலும் தப்பவில்லை. மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அன்று ஓடியவர்களின் பிள்ளைகள்தான் பின்னர் வன்னிப் போரிலும் அகப்பட்டார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலர் அவர்களாகவே இருப்பீர்கள். தேர் இப்போது மறுபடியும் ஓடுகிறது.

இன்னோர் இடத்தையும் சொல்லவேண்டும், எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இராது. 2012 கடைசியில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. 150க்கு மேற்பட்டவர்களுடையவை. 1980களின் இறுதியில் காணாமற்போன சிங்கள இளைஞர்களுடையவை என்று தாய்மார் சொன்னார்கள். அதற்கும் மிகப் பழையவை என்று ஆய்வுகூட அறிக்கை வந்தது. சர்ச்சை தீரவில்லை. படம் ஏந்திக்கொண்டு அங்கே நின்ற அம்மாமாரின் மொழி மட்டுந்தான் வேறு.

இனி நான் உண்மையில் எழுத வந்ததற்கு வருகிறேன்.

மேல்நாட்டில் சில நகரங்களுக்கு மக்கள் போவதே அங்கே காய்ச்சும் பியரைச் சுவைத்துப் பார்க்கத்தான். அமெரிக்காவின் நடுப்பகுதியில் மில்வோக்கி என்றொரு நகரம், ஜேர்மனியிலிருந்து குடியேறியவர்கள் வளர்த்த பியர்த் தொழிலால் பேர் பெற்றது. இப்போது சிறு சிறு காய்ச்சுமிடங்களும் உண்டு. ஆணும் பெண்ணுமாகச் சென்று, எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று பார்த்து, சின்னக் கிளாஸில் ருசித்துவிட்டு வருகிறார்கள். அதே நடுப்பகுதியில், ஒஹாயோ மாநிலத்தில், 1873ஆம் ஆண்டு மாரிகாலத்தில் பெண்கள் சாராயக் கடைகளின் வாசலில் முழந்தாளிட்டு, கடையைப் பூட்டு என்று செபம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கிளீவ்லாந்து நகரில் கூடி நாடளாவிய சங்கமும் அமைத்தார்கள். குடி குடும்பங்களைக் கெடுப்பதைக் கண்ட பெண்கள் அவர்கள். வாசலில் இருந்தவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது, உங்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

மாத்தளையின் சொந்தச் சரக்கு கித்துள். தமிழில் கூந்தற்பனை என்பார்கள், பூங்குலை அவிழ்த்துவிட்ட கூந்தல் போலவே தொங்கும். இரத்தோட்டையைத் தாண்டி றிவஸ்டன் மலைக்கு ஏறும் பாதையில், வீட்டு வளவிலும் காட்டோரத்திலும் நிற்கும். உச்சியில் முதற்குலை விட்டு, ஆண்டாண்டாகக் கீழே இறங்கிவந்து, கடைசிக் குலையோடு மரமே பட்டுவிடும். குலையைச் சீவி முட்டி கட்டினால் இனிப்பு நீர் சொட்டும். பனை வளர்த்த நமக்கு மிச்சம் சொல்லவேண்டியதில்லை. புளிக்காமல் இருக்க நாம் முட்டியில் சுண்ணாம்பு தடவிக் கருப்பணி எடுக்கிறோம், அவர்கள் ஹல் என்ற மரத்தின் பட்டைத் துண்டுகளைப் போடுகிறார்கள். போடாவிட்டால் காற்றிலுள்ள நொதி அதுவாகவே வேலை தொடங்கிவிடும், சில மணி நேரத்தில் கள். அப்படியே விட்டால் வினாகிரி.

அந்தப் பாதையோரம் ஒரு வீட்டில், ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண் பாணி காய்ச்சிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "அக்கே" என்று கூப்பிட்டேன், "என்ன நங்கி" என்று அடுப்படிக்கே கூப்பிட்டுவிட்டார். எட்டுப் போத்தல் நீர் வற்றி ஒரு போத்தல் பாணி ஆகும். இன்னும் வற்றவிட்டுச் சிரட்டையில் ஊற்றினால் கித்துள் கருப்பட்டி. மரம் ஏறுவது புருஷன். விறகு, அடுப்பு, புகை, கிண்டல் எல்லாம் இவர் பங்கு.

முன்னர் இரண்டு முட்டியும் கள்ளாகத்தான் போனதாம். கள்ளென்றால் இறக்கின உடனே காசு, விறகு வேண்டாம். ஆனால் அந்தக் காசு வீட்டுப்படி ஏறாது. இவர் சண்டை பிடிக்கவில்லை. ஒரு மாதம் காலை நீரை மட்டும் தரும்படி கேட்டு, காய்ச்சி விற்று, கலண்டரில் ஒரு பக்கம் பாணிக்காசு, மறுபக்கம் கள்ளுக்காசு என்று குறித்துவந்தார். மாத முடிவில் கலண்டரைக் கழற்றிப் புருஷனின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாராம், வாய் திறக்கவில்லையாம். அன்றிலிருந்து காலை முட்டி இவருக்கு, மாலை முட்டி அவருக்கு. இரவுக் குளிரில் இறங்கும் நீர் காலைவரை இனிப்பாக நிற்கும், பகல் வெயிலில் இறங்குவது எப்படியும் புளிக்கும். அதனால் இந்தப் பங்கீட்டில் நட்டம் யாருக்கும் இல்லை.

"அந்த மாலை முட்டியையும் வாங்கிவிடலாமே" என்று நான் கேட்டதற்கு, "பிறகு யார் மரத்தில் ஏறுவது?" என்றார்.

எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் மரமேறும் ஆளே இல்லாத வீடுகளில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன் என்பதும் நினைவில் இருக்கிறது. நம் பக்கத்தில் கணவனை இழந்த எத்தனையோ பேர் கசிப்பு விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தார்கள், பொலிஸில் தண்டமும் கட்டினார்கள். குடித்தவனை விட விற்றவளைத்தான் ஊர் ஏசியது. சட்டமும் விசித்திரமானது. 1979ஆம் ஆண்டு அறிவித்தல் ஒன்று, பெண்களுக்கு மது விற்பதையும், மதுவரி ஆணையாளரின் அனுமதியின்றி மதுச்சாலையிலோ தயாரிக்கும் இடத்திலோ பெண்களை வேலைக்கு வைப்பதையும் தடுத்தது. 2018 தையில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தடையைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். பெண்ணுக்குக் குடிக்க உரிமை வேண்டும் என்று நான் இங்கே வாதாடவில்லை. அவளுடைய ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள், அவள் புருஷன் தவறணையில் விடும் கூலியைக் காக்க ஓர் அறிவித்தல்கூடப் போடவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

கித்துள் கள்ளை நான் ருசித்தேனா என்று சிலர் கேட்பீர்கள். ஒரு வாய். புளிப்பும் இனிப்புமாக இருந்தது. பனங்கள் மணம் அதில் இல்லை. அந்த அக்கா தந்த காலை நீர்தான் எனக்குப் பிடித்தது.

பாணி வாங்குவதானால் காய்ச்சும் வீட்டிலேயே வாங்குங்கள், சீனிப்பாகு கலந்த போத்தல்கள் வீதியோரமெங்கும் விற்கப்படுகின்றன. விலை மலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கையில் நம்மூர்ப் பனங்கட்டிக் குட்டான் நாலைந்து கொண்டுபோனால் நல்லது. அந்த அக்கா அதை முகர்ந்து பார்த்து, சிரட்டைக் கருப்பட்டி இரண்டு எடுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. மாத்தளையோடு ரயில் பாதை முடிகிறது, அந்த ரயில் கண்டிக்குத்தான் போகும். வடக்கே திரும்புபவர்கள் கண்டியிலிருந்து வரும் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், இடம் கிடைக்காவிட்டால் தம்புள்ளைவரை போய் மாறலாம். பாணிப் போத்தலை மடியில் நிமிர்த்தி வைத்திருங்கள். வவுனியா வெயிலில் பாணியும் பொங்கும், மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள்.