மூட்டைக்கு ரேகை கிடையாதா?

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். சத்துவாச்சாரி வெயிலைப் பத்தி வேலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்க கற்பனை பண்ணிக்குங்க :-)

அம்மா இருபது வருஷம் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில சொல்யூஷன் தடவி ஒட்டுற வேலை பார்த்தவங்க. வேலையும் வயசும் சேர்ந்து விரல் ரேகையைத் தேய்ச்சு எடுத்துடுச்சு. மெஷின்ல கட்டை விரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை... எதுவும் ஒத்துக்கல. முந்தானையில துடைச்சுத் துடைச்சு வைக்கிறாங்க, பாவம். பின்னாடி வரிசையில முணுமுணுப்பு. கடைசியில கண்ணைக் காட்டி, எப்படியோ அரிசி வாங்கிட்டோம்.

கடைக்காரரைக் குத்தம் சொல்லல. அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "எனக்கு வர்ற மூட்டையே குறைச்சலா வருது சார். நான் யாரை ரேகை வைக்கச் சொல்றது?"

யோசிச்சுப் பாருங்க. 2017ல ஸ்மார்ட் கார்டு வந்துச்சு. 2020ல விரல் ரேகை. அப்புறம் கருவிழி. 2025ல எடை மெஷினையும் பில் மெஷினோட இணைச்சாங்க. எல்லாம் நல்லதுக்குத்தான், இல்லைங்கல. ஆனா அத்தனை சோதனையும் சங்கிலியோட கடைசிக் கண்ணியிலதான். அரிசி கடைக்கு வந்து சேர்ற வழியில என்ன நடக்குதுன்னு கேட்க அந்த அளவுக்கு ஆர்வம் தெரியல. ஆந்திர எல்லைக்குப் போற ரயில்லயும் வேன்லயும் ரேஷன் அரிசி பிடிபட்டதுன்னு எங்க பக்கத்து பேப்பர்ல படிக்காத மாசம் கம்மி. அதெல்லாம் மூணு தடவை விரல் வச்சா போகுது?

இதுக்கு ஆர்எஃப்ஐடி உதவுமான்னு கேட்டா, ஓரளவுக்கு உதவும்னுதான் சொல்வேன். பேரு பயமுறுத்துதேன்னு பார்க்காதீங்க. கார் கண்ணாடியில ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக் அதேதான். பள்ளிகொண்டா டோல்கேட்ல தினம் நடக்கிறதுதான். உள்ள பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்புற ரேடியோ அலையிலயே சக்தி எடுத்துக்கிட்டு, "நான் இன்னார்"னு சில்லு பதில் சொல்லும். பார்கோடு மாதிரி ஒவ்வொண்ணா கண்ணுக்கு நேரே காட்ட வேண்டியதில்லை. குடோன் வாசல்ல ரீடர் வச்சா, லாரி தாண்டும்போதே எந்தெந்த மூட்டை போகுதுன்னு எழுதிக்கும்.

ஆனா மந்திரம் இல்லீங்க. 2003ல வால்மார்ட் தன்னோட பெரிய 100 சப்ளையர்களும் 2005 ஜனவரிக்குள்ள பெட்டிக்குப் பெட்டி இதை ஒட்டணும்னு சொல்லுச்சு. செலவு சப்ளையர் தலையில, லாபம் கடைக்கு. நினைச்ச வேகத்துல நடக்கல. தண்ணி அலையை உறிஞ்சும், உலோகம் திருப்பி அடிக்கும். அதனால மளிகைக்கு இன்னும் கஷ்டம். துணியிலயும் செருப்புலயும்தான் முதல்ல நல்லா ஓடுச்சு. ஆக, ஐரோப்பாவுக்குப் போற ஷூவுக்குத் தனி அடையாளம் வந்தாச்சு. அதை ஒட்டினவங்க சாப்பிடுற அரிசி மூட்டைக்கு இல்லை!

செலவுன்னு ஒரு பூச்சாண்டி காட்டுவாங்க. சும்மா ஒரு கணக்கு: குறி ஒண்ணு 5 ரூபான்னே வச்சுக்குங்க. 50 கிலோ மூட்டைக்குக் கிலோவுக்கு 10 பைசா. ரீடர் செலவு தனி.

அதைவிடப் பெரிய சிக்கல் வேற. குறி, "எந்த மூட்டை"ன்னு சொல்லும். "எத்தனை கிலோ"ன்னு சொல்லாது. வழியில 3 கிலோ எடுத்துட்டுத் தைச்சா, அது பாட்டுக்கு "நான் இங்கதான் இருக்கேன்"னு சத்தியம் பண்ணும். அதனால முதல்ல தராசு. குடோன்ல ஏத்தும்போது ஒரு எடை, கடையில இறக்கும்போது ஒரு எடை. ரெண்டும் அந்த மூட்டையோட நம்பர்ல ஏறணும். அப்பதான் குறைஞ்சது எந்த இடத்துலன்னு தெரியும். இல்லேன்னா கடைக்காரர் தலையில விடியும், அங்கிருந்து கார்டுக்காரங்க தலையில.

என் கருத்து இவ்வளவுதான். தொழில்நுட்பம் வேணும். ஆனா சந்தேகம் மேல இருந்து கீழ வரணும். மூட்டைகிட்ட நாலு கேள்வி கேட்டுட்டு, அப்புறம் எங்கம்மாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க.

உங்க ஊர்ல எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அம்மா அடுத்த மாசத்துக்கு இப்பவே விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவ ஆரம்பிச்சுட்டாங்க.